தமிழ்வழி இலத்தீனும் கிரேக்கமும்

தமிழ்ப்பள்ளியில் பயிலும் பத்து வயதுப் பிள்ளை ஒன்று இலத்தீன் படிக்க வேண்டும் என்று கேட்டால், கேட்கப்பட்ட பெரியவர் முதலில் வியப்பார். பிறகு, கையில் இருக்கும் மூன்று மொழிகளைச் செம்மையாகப் படித்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவ்விடை தவறென்று நாம் விரைந்து சொல்லிவிட முடியாது. தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஏழாம் வயதிலிருந்தே சுமக்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். அச்சுமையின்மீது எவரும் பேசாத இரு மொழிகளை ஏற்றுவது அறிவுடைமையா என்னும் வினா நேர்மையானது. ஆயினும் வினவிய பிள்ளைக்கு மறுமொழி தருமுன், தமிழர்க்கும் அவ்விரு மொழிகளுக்கும் இடையே நிகழ்ந்தவற்றை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வரலாற்றைச் சொல்வதே இப்பொழிவின் நோக்கம்.

நாம் இதனைப் பேசும் இடமும் கருதத்தக்கது. கெலாங் பாத்தா ஜொகூரின் தென்மேற்கு மூலையில், சிங்கப்பூரின் துவாஸ் கரையை நோக்கி அமைந்த ஊர். 1998இல் இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் இதன் சுற்றுப்புறம் விரைந்து மாறிற்று. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகள் வந்தன. இங்கிலாந்தில் இலத்தீனைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வரும் பள்ளிகளுள் ஒன்றின் கிளையும் 2012 முதல் இவ்வட்டாரத்தில் இயங்குகிறது. மலாய் மொழியில் 'கெலாங்' என்பது வளையல், 'பாத்தா' என்பது உடைந்தது. உடைந்த வளையல் என்னும் பெயரைக் கேட்டதும் மதுரையில் உடைந்த சிலம்பை நினையாத தமிழாசிரியர் இரார். இரண்டுக்கும் உறவில்லை. எனினும் ஊர்ப்பெயரைப் பிரித்துப் பொருள் காணும் வழக்கம் பிள்ளைக்கு இங்கேயே வாய்த்துவிடுகிறது. இலத்தீனும் கிரேக்கமும் கற்பதற்கு வேண்டிய முதற்பயிற்சியும் அதுவே.

தமிழகத்துத் துறைமுகங்களையும் இம்மலாய்த் தீபகற்பத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று கிரேக்கத்தில் உள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்திலிருந்து கடல்வாணிகம் செய்த பெயர் அறியப்படாத ஒருவர் எழுதிய 'எரித்திரேயக் கடற்பயணக் குறிப்பு' அந்நூல். முசிறியின் மிளகு வாணிகத்தை அது விரித்துரைக்கிறது. கீழைக் கடற்கரையில் கமரா, பொடுகே, சோபத்மா என்னும் மூன்று துறைகளைச் சொல்கிறது. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொடுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்றும், சோபத்மா மரக்காணம் என்றும் அறிஞர் பொதுவாகக் கொள்வர். அத்துறைகளில் நின்ற கலங்களையும் அந்நூல் வகைப்படுத்துகிறது. கரையோரம் செல்பவை ஒருவகை. மரங்களை இணைத்துக் கட்டிய 'சங்கரா' இன்னொருவகை. நம் 'சங்காடம்' என்னும் சொல்லை இது நினைவூட்டும். மூன்றாம் வகை மிகப் பெரியன. அவை கங்கைக்கும் 'கிரிசே' என்னும் நாட்டுக்கும் செல்வன என்கிறது. கிரேக்கத்தில் 'கிரிசோஸ்' என்றால் பொன். நம் இலக்கியம் சாவகம் என்றும் கடாரம் என்றும் சொல்லும் கீழ்த்திசை நாடுகளின் பக்கமே அந்தப் பொன்னாடும் இருந்தது.

அடுத்த நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி தம் புவியியல் நூலில் இத்தீபகற்பத்தைப் 'பொன் தீபகற்பம்' என்றே பெயரிட்டு, ஊர்களையும் ஆறுகளையும் பாகை அளவுகளோடு பட்டியலிட்டார். அதே நூலில் காவிரித்துறையும் பாண்டியர் நாடும் உள்ளன. தீபகற்பத்தின் தென்பகுதியில் அவர் குறிக்கும் 'சபனா' என்னும் வாணிகத்துறை எங்கிருந்தது என்பதில் அறிஞர் ஒத்த கருத்தினர் அல்லர். 'பலந்தா' என்னும் பெயரை ஜொகூர் ஆற்றோடு பொருத்திப் பார்த்தவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் ஆராய்ந்து பால் வீட்லி எழுதிய நூல் 1961இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. தென் தாய்லாந்தில் கிராபி மாநிலத்துக் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் கிடைத்த பொன் உரைகல் ஒன்றில் 'பெரும்பதன் கல்' எனத் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. பெரும்பதன் என்னும் தமிழ்ப் பொற்கொல்லனது உடைமை அது. கிரேக்கன் பொன்னாடு என்று எழுதிய நிலத்தில் தமிழன் பொன்னை உரைத்துப் பார்த்துக் கொண்டிருந்தான். இவ்விரு சான்றுகளையும் அருகருகே வைத்துக் காட்டினால், கிரேக்கம் எனக்கு எதற்கு என்று எப்பிள்ளையும் கேளாது.

இலத்தீன் பக்கம் பிளினி இருக்கிறார். முசிறியையும் மதுரையையும் பாண்டியனையும் அவர் எழுதினார். உரோமில் ஒரு இராத்தல் கருமிளகு 4 தினாரி, வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று விலைப்பட்டியலும் தந்தார். 1985இல் அச்சேறிய வியன்னாப் பாப்பிரஸ் முசிறி வாணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைக் கிரேக்கத்தில் தாங்கி நிற்கிறது. அதன் மறுபுறத்தில் 'எர்மப்பொல்லோன்' என்னும் கப்பலில் வந்த சடாமாஞ்சி, தந்தம் முதலிய சரக்கின் மதிப்பு கணக்கிடப்பட்டுள்ளது. நம் வரலாற்றுப் பாடத்துக்குரிய இச்சான்றுகளை நாம் எப்போதும் பிறர் மொழிபெயர்த்துத் தந்தபடியே படித்து வந்தோம். ஆங்கிலத்தில் ஒருவர் எழுதியதைத் தமிழில் இன்னொருவர் எழுத, அதனை நாம் வகுப்பில் சொல்கிறோம். இடையில் ஒரு பெயர் திரிந்தாலும் ஓர் அளவு மாறினாலும் நமக்குத் தெரியாது.

இதற்கு நேர்மாறான முயற்சி பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிற்று. இலத்தீன் கற்ற ஐரோப்பியர் தமிழ் கற்க வந்தனர். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றீக்கே என்றீக்கசு தமிழிலக்கணத்தைப் போர்த்துகீசிய மொழியில் எழுதியபோது இலத்தீன் இலக்கணச் சட்டத்தையே கையாண்டார். சீகன்பால்க் எழுதிய தமிழிலக்கணம் இலத்தீனிலேயே 1716இல் செருமனியின் ஆலே நகரில் அச்சாயிற்று. இவ்விருவரையும் விரைந்து கடந்து வீரமாமுனிவரிடம் நாம் சற்று நிற்க வேண்டும். இத்தாலியில் 1680இல் பிறந்த அவர் கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இலத்தீனில் இலக்கணங்கள் வரைந்தார். முன்னது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. செந்தமிழ் இலக்கணங்களுள் ஒன்று 1822இல் பாபிங்டனால் ஆங்கிலமாக்கப்பட்டது. 'கிளாவிஸ்' எனத் தொடங்கும் பெயருடைய இன்னொன்று 1876 வரை அச்சுக்கு வரவில்லை. 'கிளாவிஸ்' என்பதற்குத் திறவுகோல் என்று பொருள். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தார். ஜி.யு. போப் 1886இல் தம் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது அதனையும் உடன் சேர்த்தார்.

வீரமாமுனிவரின் எழுத்துச் சீர்திருத்தத்தை நம் மாணவர் அறிவர். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடுதல் பழைய மரபு. ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படாமையால் எ, ஏ என்பனவும் ஒ, ஓ என்பனவும் வரிவடிவில் மயங்கின. அம்மயக்கத்தைத் தீர்க்க நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தவர் அவர். கிரேக்க நெடுங்கணக்கைப் பாருங்கள். எகரக் குறிலுக்கு 'எப்சிலோன்', நெடிலுக்கு 'ஏட்டா'. ஒகரக் குறிலுக்கு 'ஓமிக்ரோன்', நெடிலுக்கு 'ஓமெகா'. குறில் ஓர் எழுத்து, நெடில் வேறோர் எழுத்து. வடமொழியில் எகர ஒகரக் குறில்கள் இல்லை. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டுக்கெனத் தனி எழுத்துகள் இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் இது முதல் வகுப்புப் பாடம்.

நம் நாட்டிலேயே இலத்தீன் பேச்சு வழங்கிய இடம் ஒன்று இருந்தது என்பதையும் இங்கே குறிக்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் சயாமின் அயுத்தியாவில் தொடங்கிப் பல இடம் பெயர்ந்து 1808இல் பினாங்கில் நிலைபெற்ற குருமடம் அது. சீனர், வியட்நாமியர், சயாமியர் எனப் பல நாட்டு இளைஞர் அங்கே கூடினர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. பாடத்துக்கும் அன்றாட உரையாடலுக்கும் இலத்தீனே அவர்களுக்குப் பொதுமொழி. இலத்தீன் வெள்ளையர் மொழி, அது ஆசியர் நாவில் ஏறாது என்று எவரேனும் சொன்னால், பினாங்கின் புலாவ் தீக்குஸ் பகுதியைச் சுட்டிக் காட்டலாம்.

இனி இருவர் வரலாற்றை விரிவாகச் சொல்ல வேண்டும். இருவரும் ஈழத்துத் தமிழறிஞர். இருவர்க்கும் மலேசியாவோடு தொடர்புண்டு.

தனிநாயகம் அடிகள் 1913இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியிலுள்ள கரம்பொன்னில் பிறந்தார். 1934 முதல் 1939 வரை உரோமில் இறையியல் பயின்றார். கார்த்தேசு நகரத்து ஆயரான சிப்பிரியான் காலத்துத் திருப்பணியாளர் பற்றி ஆராய்ந்தார். மூன்றாம் நூற்றாண்டின் இலத்தீன் மடல்களில் தோய்ந்தாலன்றி அவ்வாய்வு கைகூடாது. உரோமிலிருந்து திரும்பியபோது அவர் இலத்தீன், கிரேக்கம், இத்தாலியம் எனப் பல மொழிகளில் வல்லவர். தமிழிலக்கியத்தில் மட்டும் அவருக்கு முறையான கல்வி இல்லை. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக அமர்ந்த பின்னரே, அங்கிருந்த தமிழ்ப்புலவர் ஒருவரிடம் தமிழ் கற்றார். பிறகு 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று முப்பது வயது கடந்த மாணவராக அமர்ந்தார். உரோமும் ஏதென்சும் தந்த கண்களோடு சங்கப் பாடல்களுக்குள் நுழைந்தமையால், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்க்கு இயல்பாய்த் தோன்றியவை அவருக்குப் புதுமையாய்த் தோன்றின. நிலமும் பொழுதும் மாந்தர் உள்ளத்தோடு பிணைக்கப்படும் திணைமரபு அவற்றுள் தலையாயது. கிரேக்க, இலத்தீன் புலவர்களின் இயற்கைப் பாடல்களோடு அதனை ஒப்பிட்டு அவர் செய்த ஆய்வு பின்னர் ஆங்கில நூலாயிற்று.

1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்குத் தலைவராக வந்தார். 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகவும், 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடவும் முன்னின்றவர் அவரே. அதே ஆண்டில் இன்னொரு பணியும் நிறைவேறிற்று. அந்தாவ் தெ புரொவென்சா தொகுத்து 1679இல் அச்சிட்ட தமிழ்-போர்த்துகீசிய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதனைக் கண்டு, படியெடுத்து, கோலாலம்பூரில் பதிப்பித்தார். ஐரோப்பிய நூலகங்களின் பட்டியல்களைப் படிக்கத் தெரிந்த தமிழர் ஒருவர் இல்லாதிருந்தால் அந்நூல் இன்னும் எத்தனை காலம் உறங்கியிருக்குமோ. மாநாட்டை நினைக்கும் நாம் அவ்வகராதியை நினைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

மற்றவர் க. கைலாசபதி. 1933இல் கோலாலம்பூரில் பிறந்து, இளமையிலேயே யாழ்ப்பாணம் சென்றவர். 1960களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு மாணவராக இருந்தார். சங்கப் புறப்பாடல்களை ஓமரின் காவியங்களோடும் பிற வீரயுகப் பாடல்களோடும் ஒப்பிட்ட அவ்வாய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு பதிப்பாக வெளிவந்தது. பாணர் வாய்மொழியாகப் புனைந்த பாடல்கள் என்னும் அவர் முடிவை ஏற்காதார் பலர். ஓமர் பாடியது ஆயிரக்கணக்கான அடிகள் கொண்ட கதைப்பாட்டு. சங்கப்பாடலோ பெரும்பாலும் சில அடிகளில் ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துவது. ஒப்புமை ஓரளவுக்கு மேல் செல்லாது என்பதே நம் கருத்தும். ஆயினும், அந்த ஒப்பீட்டை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் இரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தோர் செய்த மறுப்பில் வலுவில்லை.

தாம்சனைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஆங்கிலேயரான அவர் அயர்லாந்தின் மேற்குக் கரைத் தீவொன்றில் மீனவரிடையே தங்கி ஐரிய மொழி கற்றவர். 1930களின் தொடக்கத்தில் கால்வே நகரக் கல்லூரியில் கிரேக்கத்தை ஐரிய மொழி வாயிலாகவே கற்பித்தார். கிரேக்க மெய்யியலின் தோற்றம் பற்றி ஐரிய மொழியில் நூலும் எழுதினார். ஐரிய மொழி அப்போதும் நலிந்த நிலையில் இருந்த மொழி. அதன் பிள்ளைகள் உயர்ந்த எதையும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் அடைய வேண்டும் என்னும் எண்ணம் ஊறிக்கிடந்த காலம் அது. கிரேக்கத்துக்கு ஐரியத்திலிருந்தே கதவு உண்டு என்று தாம்சன் காட்டினார்.

இங்கேதான் நம் பிள்ளையின் வினா தன் உண்மையான உருவைப் பெறுகிறது. இலத்தீனும் கிரேக்கமும் படிப்பதா வேண்டாவா என்பதைவிட, அவற்றை எம்மொழியின் வழியாகப் படிப்பது என்பதே பெரிது. ஆங்கிலவழி கற்றால் தமிழ் அப்பிள்ளைக்கு வீட்டு மொழியாகவும், அறிவு பிறமொழிக்கு உரியதாகவும் பிரிந்துபோகும். தமிழ்வழி கற்றால் தன் இலக்கணத்தையே அப்பிள்ளை இரண்டாம் முறை கற்கும்.

இது வெறும் மொழிப்பற்றால் சொல்வதன்று. இலத்தீன் தொடங்கும் ஆங்கிலப் பிள்ளைக்கு முதல் மலை வேற்றுமை. பெயரின் ஈறு மாறினால் பொருள் மாறும் என்பதையே அதற்குப் பலகாலம் சொல்ல வேண்டியிருக்கும். நம் பிள்ளைகள் எட்டு வேற்றுமையை ஆரம்பப்பள்ளியிலேயே கற்கத் தொடங்கிவிடுகின்றனர். இலத்தீனில் எழுவாய், ஐ உருபின் பொருள், கு உருபின் பொருள், உடைமைப் பொருள், விளி ஆகிய ஐந்தும் தனித்தனியே உள்ளன. நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைப் பொருள்கள் பெரும்பாலும் 'ஆப்லாட்டிவ்' என்னும் ஒரே வேற்றுமைக்குள் அடங்கிவிடும். கிரேக்கத்தில் மூன்றும் ஏழும் நான்காவதற்குள் புகுந்தன. ஐந்து ஆறாவதற்குள் ஒடுங்கிற்று. எட்டு அறிந்தவன் ஆறையும் ஐந்தையும் காண்பது, வீட்டின் அறைகள் சில இணைக்கப்பட்டதைக் காண்பது போன்றது.

வினையும் அவ்வாறே. கண்டேன், கண்டாய், கண்டோம் என்று ஈற்றிலேயே இடம் காட்டிப் பெயரை விட்டுவிடுவது நம் வழக்கம். இலத்தீனும் ஓ, ஸ், ட், முஸ் என்னும் ஈறுகளால் அதனையே செய்யும். இலத்தீன் உரைநடையில் வினை பெரும்பாலும் இறுதியில் வரும். 'அம்மா குழந்தையைக் காண்கிறாள்' என்னும் வரிசையிலேயே 'மாட்டெர் ஃபீலியும் விடெட்' என்பதும் நிற்கும். இன்னும் நுட்பமானது வினையெச்சம். 'வந்து கண்டான்' என்பதை ஆங்கிலத்தில் இரண்டு முற்றுவினைகளாக்கிச் சொல்வதே இயல்பு. கிரேக்கமோ 'எல்தோன் எய்டென்' என்று நம்மைப் போலவே ஒன்றை எச்சமாக்கி ஒன்றை முற்றாக்கும். ஆங்கிலவழிக் கிரேக்க நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் செய்தியை நம் மாணவர்க்கு ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

யாப்பிலும் உறவுண்டு. இலத்தீன், கிரேக்கச் செய்யுளுக்கு அடிப்படை ஓசையின் அளவு. நெடில் ஒருவகை அசை, குறில் இன்னொருவகை. ஒற்றடுத்த குறிலை நெடிலுக்கு நிகராகக் கொள்வர். நேரசை, நிரையசை பிரித்துப் பழகிய மாணவர்க்கு இது அந்நியமன்று. விதிகள் வேறுபட்டாலும் காது பழகியிருக்கும். இலத்தீனில் 'மாலும்' என்றால் ஆப்பிள், 'மலும்' என்றால் தீமை. உரோமானிய எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படும். தமிழெழுத்தில் எழுதினால் வேறுபாடு உடனே கண்ணில் படும். ஆனால் நம் எழுத்தில் பகரத்தின் வல்லோசையும் மெல்லோசையும் பிரிவதில்லையாதலால், உரோமானிய எழுத்தையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். மலாய் படிக்கும் பிள்ளைக்கு அவ்வெழுத்து பழகியதே. மலாயில் உயிரெழுத்துகளை ஒலிக்கும் முறை ஆங்கிலத்தைவிட இலத்தீனுக்கு நெருங்கியது என்பதும் நமக்கு வாய்ப்பு.

இடர்கள் இல்லாமல் இல்லை. நமக்குத் திணையும் பாலும் பொருளைத் தழுவியவை. மேசை அஃறிணை என்பதில் ஐயமில்லை. இலத்தீனிலோ மேசையைக் குறிக்கும் 'மென்ச' பெண்பால். அதற்கு அடைமொழியும் பெண்பால் ஈறு பெற வேண்டும். இது ஏன் என்று பிள்ளை கேட்கும். காரணம் சொல்ல முயலாமல், அம்மொழியின் வழக்கு அது என்று சொல்லிக் கடப்பதே நன்று.

அந்த 'மென்ச'தான் போர்த்துகீசியரின் 'மேசா'வாகி, நம் 'மேசை'யாகவும் மலாயின் 'மேஜா'வாகவும் வந்தது. சாவி, சன்னல், அலமாரி, பாதிரி ஆகிய சொற்களும் போர்த்துகீசியத்தின் வழியே வந்த இலத்தீன் வழித்தோன்றல்கள். சாவிக்கு மூலம், வீரமாமுனிவர் தம் இலக்கணத்துக்குச் சூட்டிய அதே 'கிளாவிஸ்'. மலாயின் 'செக்கோலா' கிரேக்கத்துச் 'ஸ்கோலே'யிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் ஓய்வு என்பதை மாணவர் மிக விரும்பிக் கேட்பர். பழந்தமிழிலும் கிரேக்கத் தடம் உண்டு. முல்லைப்பாட்டில் யவனரோடு சேர்ந்து வரும் 'மத்திகை' என்னும் சாட்டை, கிரேக்க 'மாஸ்டிக்ஸ்' என்பர். இஞ்சிவேர் நம் பக்கத்திலிருந்து புறப்பட்டுக் கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' ஆயிற்று என்பதும் பலர் ஏற்ற கருத்து. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கிரேக்க 'ஒரிசா' நம் அரிசியே என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அச்சொல் ஈரானிய மொழிகளின் வழிச் சென்றது என்பதே மொழியியலார் பலரது முடிவு. பெருமைக்காகச் சொல்லப்படும் வேர்ச்சொல்லை ஆசிரியர் வகுப்பறைக்குள் கொண்டுவரலாகாது. இரு மொழியும் கற்ற பிள்ளை நாளை அதனைச் சோதிக்கும். அப்போது ஆசிரியர் சொன்ன உண்மைகளையும் சேர்த்தே ஐயுறும்.

கெலாங் பாத்தாப் பிள்ளைக்கு இன்னும் அருகில் ஒரு பாடநூல் இருக்கிறது. ஊருக்கு மேற்கே பூலாய் ஆற்றின் முகத்துவாரம் 2003 முதல் இராம்சார் ஈரநிலமாகப் பாதுகாக்கப்படுகிறது. அங்குள்ள கண்டல் மரம் 'ரைசோஃபோரா'. கிரேக்கத்தில் 'ரைசா' வேர், 'ஃபோரோஸ்' தாங்குவது. நீர்மேல் வேர்களை ஊன்றி நிற்கும் மரத்தைப் பார்த்தபின் அப்பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முகத்துவாரத்தை அடுத்த மெராம்போங் கடற்புல் திட்டில் கடற்குதிரைகள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு 1852இல் பிளீக்கர் என்னும் டச்சு அறிஞர் இட்ட பெயர் 'இப்போகாம்பஸ் கூடா'. 'இப்போஸ்' கிரேக்கத்தில் குதிரை, 'கூடா' மலாயில் குதிரை. ஒரே உயிரின் பெயரில் இரு மொழிக் குதிரைகள் நிற்கின்றன. தோட்டங்களில் நிற்கும் செம்பனைக்கு 'எலைஸ் கினீன்சிஸ்' என்று பெயர். முன்சொல் கிரேக்கர் ஒலிவ மரத்துக்கு வைத்தது, பின்சொல் கினி நாட்டைக் குறிப்பது. செம்பனைக் காய் வெட்டிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் அப்பெயரின் பொருளை அறிவது நன்று.

ஆசிரியர் இல்லையே என்பது அடுத்த தடை. நம் தேசியப் பாடத்திட்டத்தில் இவ்விரு மொழிகளும் இல்லை, தேர்வும் இல்லை. தேர்வில்லாமை குறையன்று என்பது நம் எண்ணம். 2021இல் யூபிஎஸ்ஆர் நீக்கப்பட்ட பின், ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குவது முன்னைவிட எளிது. ஆசிரியர் இம்மொழிகளில் புலவராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையோடு கூடவே ஒரு பாடம் முன்னால் படித்துச் செல்பவராக இருந்தால் போதும். டென்மார்க்கு நாட்டு ஹான்ஸ் எர்பெர்க் 1955இல் முதலில் வெளியிட்ட இலத்தீன் பாடநூல் இதற்கு ஏற்றது. அதில் எம்மொழியிலும் மொழிபெயர்ப்பு இல்லை. வரைபடம் ஒன்றைக் காட்டி, ஊரும் நாடும் ஆறும் எங்கே உள்ளன என்று எளிய தொடர்களால் சொல்லத் தொடங்கி, இலத்தீனை இலத்தீனாலேயே விளக்கிச் செல்லும். ஆங்கிலம் அதில் ஊடகமாக இல்லாமையால் தமிழாசிரியர் தம் விளக்கங்களைத் தமிழிலேயே சொல்லலாம்.

இலத்தீன் முதலிலா கிரேக்கம் முதலிலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இலத்தீனை முதலில் வைப்பதையே நாம் பரிந்துரைப்போம். எழுத்து தெரிந்தது, வேற்றுமை வடிவம் ஒழுங்கானது, துணைநூல் மிகுதி. ஓராண்டு கழிந்தபின் கிரேக்க நெடுங்கணக்கின் 24 எழுத்துகளைத் தொடங்கலாம். தமிழ் நெடுங்கணக்கின் 247ஐக் கற்ற பிள்ளைக்கு அது இரண்டு வார வேலை. எழுத்து தெரிந்தவுடன் தாலமியின் ஊர்ப்பட்டியலைப் படிக்கச் சொல்லலாம். இலக்கணம் வேண்டாத பாடம் அது, வெறும் பெயர்களே.

முதல் வாரத்துக்கு எர்பெர்க்கின் முறையைப் பின்பற்றி நாமே தொடர்கள் செய்துகொள்ளலாம். வகுப்பறைச் சுவரில் உலகப் படத்தை மாட்டி, 'மலேசிய இன் ஆசியா எஸ்ட்' என்று சொல்லலாம். மலேசியா ஆசியாவில் இருக்கிறது. எழுவாயில் ஈற்று அகரம் குறில், 'ஆசியா' என்னுமிடத்தில் நெடில். அந்த நெடிலே 'இல்' உருபின் வேலையைச் செய்கிறது. அடுத்து 'கெலாங் பாத்தா இன் மலேசியா எஸ்ட்'. இப்போது மலேசியாவின் ஈறு ஏன் நீண்டது என்று மாணவரைக் கேளுங்கள்.